மணலில் ஓட்டத் தெரிந்தவன்

வெள்ளத்தில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போன வருடம் நடந்தது இது. குடியாத்தம் பக்கம் கௌண்டன்ய மகாநதியில் தண்ணீர் வடிந்து, மேல்மணல் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனால் நேரமும் டீசலும் வீண் என்று எல்லோரும் ஆற்றுக்குள்ளேயே வண்டியை இறக்கிக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பலமநேர் பக்கமிருந்து தக்காளி ஏற்றி வந்த ஒரு குட்டியானை நட்டநடு ஆற்றில் மாட்டிக்கொண்டது.

டிரைவர் சின்னப் பையன். பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். சக்கரம் சுற்றச் சுற்ற, மணலை வாரிப் பின்னால் தள்ளியவர்கள் முகத்தில் அடித்ததே தவிர வண்டி ஒரு அடி நகரவில்லை, அச்சு வரைக்கும் புதைந்ததுதான் மிச்சம். அந்த நேரத்தில் என் தாய்மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "ஆகு பாபு, ஆகு" என்று தெலுங்கில் சொல்லி முதலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். தள்ளிக்கொண்டிருந்த எங்களையும் விலகச் சொன்னார். ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்து, டயர் வால்வில் வைத்து அழுத்தி, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே காற்றை இறக்கினார். நான்கு சக்கரத்துக்கும் அப்படியே. டயர் சப்பென்று பரந்து உட்கார்ந்தது. அப்புறம் சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே சரிவாக வாரி எடுத்து, ஈரக் கோணியை அந்தச் சரிவில் விரித்தார். "ரெண்டாவது கியர்ல எடு, கரை ஏர்ற வரைக்கும் நிறுத்தாத, ஸ்டேரிங்க ஒடிக்காத." அவ்வளவுதான். பத்துப் பேர் அரைமணி நேரம் தள்ளியும் அசையாத வண்டி, ஒருவரும் தொடாமல் கரையேறியது.

மாமா ராணுவத்தில் ஏ.எஸ்.சி. என்கிற சப்ளை, போக்குவரத்துப் பிரிவில் டிரைவராக இருந்து ஹவில்தாராக ரிடையர் ஆனவர். ராஜஸ்தானில் ஷக்திமான் லாரி ஓட்டியவர், பெரும்பாலும் தண்ணீரும் டீசலும்தான் லோடு. 1986-87 குளிர்காலத்தில் அங்கே நடந்த பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் போர்ப் பயிற்சியிலும் இருந்திருக்கிறார். அதை நடத்திய அப்போதைய ராணுவத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர்.

எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இல்லாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனாலும் டீக்கடையில் பையன்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இனிமேல் சண்டை என்றால் ட்ரோன்தான், ஏவுகணைதான், யாரிடம் நல்ல மெஷின் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான், ஆளெல்லாம் சும்மா என்கிறார்கள். மாமாவிடம் கதை கேட்டு வளர்ந்ததால் பாலைவனப் போர்களைப் பற்றி நான் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். படித்த வரைக்கும் எனக்குப் பட்டது இதுதான்: கருவி தெரிந்தவன் கையில் இருந்தால் ஒன்றுக்குப் பத்தாக வேலை செய்யும், தெரியாதவன் கையில் இருந்தால் அந்தக் குட்டியானை மாதிரி, மிதிக்க மிதிக்கப் புதையும். காட்டிலும் மலையிலும் ஒரு தப்பை மறைத்துக்கொள்ள இடமுண்டு. பாலைவனத்தில் கிடையாது, எல்லாம் வெட்டவெளி.

லோங்கேவாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரி, ஜெய்சல்மேர் மாவட்டத்தில் எல்லையோர மணல்மேட்டில் ஒரு சின்ன காவல்நிலை. உள்ளே இருந்தது 23 பஞ்சாப் பட்டாலியனின் ஒரே ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். தலைமை மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. எல்லைப் பக்கம் ரோந்து போயிருந்த லெப்டினன்ட் தரம் வீர், அந்தப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் வருகிறது என்று தகவல் தருகிறார். வந்துகொண்டிருந்தது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் வீரர்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள். இங்கே டாங்கி ஒன்றுகூட இல்லை. சாந்த்புரி உதவி கேட்கிறார், விடியும் வரை விமானம் வராது என்று பதில் வருகிறது. இருந்து சமாளிப்பதா, பின்வாங்குவதா என்ற முடிவை அவரிடமே விடுகிறார்கள்.

அவர் இருப்பதென்று முடிவு செய்தார். வெறும் வீராவேசத்தில் எடுத்த முடிவாக எனக்கு அது தெரியவில்லை. ராத்திரியில் மணலில் நடந்து பின்வாங்கும் 120 பேரைத் துரத்திவரும் டாங்கி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். மேட்டின் மேல், தோண்டிய குழிக்குள் இருப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம். டாங்கிகள் கிட்டே வரும்வரை ஒருவரும் சுடவில்லை. இருட்டில் அத்தனை எஞ்சின் உறுமிக்கொண்டு வரும்போது விரலை அடக்கி வைத்திருப்பது பிறவிக் குணமா என்ன? பழக்கம். பக்கத்தில் இருக்கும் ஆள் ஓடமாட்டான் என்ற நம்பிக்கை. பக்கத்தில் வந்ததும் ஜீப்பில் பொருத்தியிருந்த 106 மி.மீ. ரீகாயில்லெஸ் துப்பாக்கி பேசியது, முன்னால் வந்த டாங்கிகள் எரிந்தன.

அந்தப் பக்கம் நடந்ததுதான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம். முன்னேறி வந்தவர்கள் ஒரு முள்கம்பி வேலியைப் பார்த்து, உள்ளே கண்ணிவெடி இருக்கிறது என்று நினைத்து நின்றுவிட்டார்கள். அங்கே கண்ணிவெடியே கிடையாது. இருட்டில், விலைமதிப்பில்லாத மணி நேரங்கள் அப்படியே போயின. தடத்தை விட்டு இறங்கிச் சுற்றிவளைக்கப் பார்த்த டாங்கிகள் இளமணலில் மாட்டின. அவர்களுடைய டி-59 டாங்கி 36 டன் எடை, மாட்டினால் அதற்குத் துடைப்பக் குச்சி வைத்தியம் கிடையாது. அந்த வழியை முன்கூட்டியே ஆள் அனுப்பி நடந்து பார்த்து, எங்கே மணல் தாங்கும், எங்கே தாங்காது என்று குறித்து வைத்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும். வரைபடத்தில் கோடு போட்டவர்கள் மணலில் கால் வைத்துப் பார்க்கவில்லை.

விடிந்தது. ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. ராத்திரியில் பார்த்து அடிக்கும் வசதி அவற்றுக்கு இல்லை, அதனால்தான் விடியும் வரை காத்திருப்பு. அவை ஜாம்நகர் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தவை என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அமைதிக் காலத்தில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த பிரிவு அது. மேஜர் ஆத்மா சிங் சின்னக் கிருஷக் விமானத்தில் மேலே சுற்றி இலக்கைக் காட்டினார். எதிர்ப்பக்கத்துக்கு மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட வரவில்லை. மேலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். வெற்று மணலில் டாங்கித் தடங்கள் வட்டவட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கோலத்தைக் குழந்தை கலைத்தது போல. தப்பிக்க வழி தேடி அந்த வண்டிகள் சுற்றிய சுற்று அது. உள்ளே இருந்தவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் போயின, நம் பக்கம் உயிரிழந்தவர்கள் இரண்டு பேர். சாந்த்புரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

ஜெயித்தது தரைப்படையா விமானப்படையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி சாந்த்புரியின் ஆட்கள் எதிர்த்து நிற்காமல் இருந்தால் காலையில் விமானத்துக்கு வேலை இருந்திருக்காது, காலையில் விமானம் வராமல் இருந்தால் ராத்திரி நின்றதற்குப் பலன் இருந்திருக்காது.

"இது பழைய காலம், இப்போ டெக்னாலஜிதான்" என்று சொல்பவர்களுக்கு 1991 குவைத் போர்தான் கைவசம் இருக்கும் உதாரணம். சரி, அதையே பார்ப்போம். பிப்ரவரி 26, ஈராக்கின் தெற்குப் பாலைவனம். அமெரிக்கர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 73 ஈஸ்டிங். ஊரும் இல்லை, மரமும் இல்லை, அதனால் வரைபடக் கட்டத்தின் எண்ணே பெயராகிவிட்டது. மணற்புயல், முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கக் கேப்டன் மெக்மாஸ்டரின் ஈகிள் ட்ரூப் என்ற படைக்குழுவில் 9 ஆப்ராம்ஸ் டாங்கிகள், 12 பிராட்லி கவச வண்டிகள். ஒரு சின்ன மேட்டைத் தாண்டியதும் எதிரே ஈராக் குடியரசுக் காவல்படையின் தவக்கல்னா டிவிஷன். 23 நிமிடத்தில் அங்கிருந்த ஈராக் படை சின்னாபின்னமானது. மெக்மாஸ்டர் பக்கம் ஒரு வண்டிகூடப் போகவில்லை.

ஆப்ராம்ஸில் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கண் இருந்தது, புழுதிக்குள்ளும் எதிரி தெரிந்தான். எதிரே டி-72ல் அது இல்லை. இதை மறுக்கவே முடியாது. ஆனால் ஈராக் அதிகாரி தேர்ந்தெடுத்த இடம் மோசமில்லை. மேட்டின் மறுசரிவில் டாங்கிகளை நிறுத்தி, மேட்டைத் தாண்டி வருகிறவனை வரவர அடிக்கும் திட்டம், பாடப்புத்தகத் திட்டம். கெட்டது எங்கே? பல இடங்களில் ஈராக் டாங்கிகளைச் சரியாகப் பள்ளம் தோண்டி இறக்கவில்லை, சுற்றி மணலைக் குவித்து வைத்துவிட்டார்கள். குவித்த மணல் ஆப்ராம்ஸ் குண்டைத் தடுக்காது, இதோ இங்கே டாங்கி இருக்கிறது என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளமாகத்தான் ஆனது. முன்னால் எச்சரிக்கை கொடுக்க வேண்டிய காவல் ஆட்கள் போதவில்லை. குண்டு விழுந்த பிறகுதான் பலர் வண்டிக்கு ஓடினார்கள்.

இந்தப் பக்கம் மெக்மாஸ்டருக்குக் கொடுத்திருந்த எல்லை வரைபடத்தின் 70ஆம் கோடு. அங்கே நின்றிருந்தால் எதிரி சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைத்திருக்கும். நிற்க முடியாது, எதிரியோடு மோதலில் இருக்கிறோம் என்று மேலே சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து போனார். அந்த முடிவை எடுக்க ஒரு இளம் கேப்டனுக்கு இடம் கொடுத்த அமைப்பு முக்கியம். அமெரிக்க ராணுவம் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற இடத்தில் 1980களின் தொடக்கத்தில் ஒரு தேசியப் பயிற்சி மையம் தொடங்கியது. அங்கே எதிரி வேஷம் போட்டுச் சண்டை போடுவதற்கென்றே நிரந்தரமாக ஒரு படைப்பிரிவு, துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் லேசர். வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போவார்கள். அப்புறம் எல்லோரையும் உட்கார வைத்து, யார் எங்கே தவறினார்கள் என்று வெளிப்படையாகப் பேசுவார்கள், கீழே இருக்கும் சிப்பாய்கூட அதிகாரியின் தவறைச் சொல்லலாம். என்னைக் கேட்டால், தெர்மல் கண்ணைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். தெர்மல் கண்ணைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தோற்றதைச் சபையில் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை எங்கே வாங்குவது?

காசு கொடுத்து வாங்கியவர்களின் கதைக்கு, ஆப்பிரிக்காவில் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டை போதும். 1987 ஜனவரி 2, ஃபாடா என்ற இடம். லிபியாவிடம் சோவியத் டாங்கிகள், விமானம், எண்ணெய்ப் பணம். சாட் வீரர்களிடம் டொயோட்டா பிக்கப் வண்டிகள், பிரான்ஸ் கொடுத்த மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள். அவர்களை நடத்தியவர் ஹசன் ஜமூஸ். அந்த மணலில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்கே வேகம் எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள். பல பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் பாய்ந்து வந்து, டாங்கியின் பீரங்கி திரும்புவதற்குள் இடம் மாறி அடித்தார்கள். ஒரே நாளில் லிபியா தொண்ணூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தது. மார்ச்சில் வாதி தூம் விமானத்தளமும் விழுந்தது, அங்கே சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் பிற்காலத்தில் லிபியா உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய கலீஃபா ஹஃப்தார். அந்தப் போருக்கே டொயோட்டா போர் என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் ஓட்டியவர்களை விட்டுவிட்டு வண்டிக்குப் பெயர் கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். மிலானும் தொழில்நுட்பம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் எப்படிச் சண்டை போடுவார்களோ அதற்குப் பொருந்தின தொழில்நுட்பம்.

எகிப்து இன்னும் அழகான உதாரணம். சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மணல் சுவர் சில இடங்களில் 20 மீட்டர் உயரம். வெடி வைத்தால் மணல் சரிந்து திரும்ப மூடிக்கொள்ளும். அஸ்வான் அணைக்கட்டு வேலையில் தண்ணீர் பாய்ச்சி மணலை நகர்த்தியதைப் பார்த்திருந்த பாகி ஜாகி யூசுஃப் என்ற இளம் பொறியாளர் அதிகாரி, கால்வாய்த் தண்ணீரையே பம்பு வைத்துப் பீய்ச்சிக் கரைத்துவிடலாம் என்றார். பம்பு! நம் கிணற்று மேட்டில் இருக்கிற அதே சாமான்தான், கொஞ்சம் பெரியது. 1973 அக்டோபர் 6 அன்று அதைத்தான் செய்தார்கள், சில மணி நேரத்தில் சுவரில் வழி விழுந்தது. அதற்கு முன்னால் வருடக்கணக்கில் ஒத்திகை. ஒவ்வொருவனும் தன் வேலை ஒன்றை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்கு. தோளில் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைப் பெட்டியைச் சுமந்து போனவர்கள், கம்பி வழியாகக் கைப்பிடியை ஆட்டி அதை இலக்குவரை ஓட்ட வேண்டும், எதிரி டாங்கி சுட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சிமிட்டாமல். அதையும் அவர்கள் மாதிரிக் கருவியில் நாள் தவறாமல் பழகியிருந்தார்கள். ஆனால் அதே படையை அக்டோபர் 14 அன்று, பழகின திட்டத்தைத் தாண்டி, விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் குடையை விட்டு வெளியே முன்னேறச் சொன்னார்கள். எகிப்துப் படைகளின் தலைமை அதிகாரி ஷாஸ்லி எதிர்த்தும் கேட்கவில்லை. ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட டாங்கிகள் போயின. எட்டு நாள் முன்னால் ஜெயித்த அதே படை, அதே ஆயுதம். மேலே இருந்தவர் எடுத்த முடிவுதான் வேறு.

கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்க மணலில் 4வது இந்திய டிவிஷனோடு மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் வீரர்கள் இருந்தார்கள். எல் அலமெய்னில் ஜெர்மானியர்கள் புதைத்து வைத்த கண்ணிகள் லட்சக்கணக்கில். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மணலைத் தடவித் தடவிப் போக வேண்டும், குண்டு விழும், கை நடுங்கக்கூடாது. அந்த மதராஸ் சாப்பர்ஸில் இருந்த சுபேதார் சுப்ரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் கொடுத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். நம் பள்ளிக்கூடங்களில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமாவிடம் இதையெல்லாம் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்ணீர் லாரியிடம் வந்து நிற்பார். "இன்னா மாப்ள, டேங்கு டேங்குன்ற, அதுக்கு டீசல் யாரு ஊத்துனா?" ராத்திரிப் பயணத்தில் ஹெட்லைட் போடக்கூடாது. முன்னால் போகும் லாரியின் பின் அச்சில் வெள்ளையடித்த உருண்டை இருக்கும், அதன்மேல் மின்மினி அளவுக்கு ஒரு விளக்கு, அதைப் பார்த்துக்கொண்டே ராத்திரி முழுக்க ஓட்டவேண்டும். வெளிச்சம் பெரிதாகத் தெரிந்தால் நெருங்கிவிட்டாய், மறைந்தால் வழி தவறிவிட்டாய். அதைச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், கண்ணைத் துணியால் கட்டி டயர் மாற்றச் சொல்வாராம். திட்டித் தீர்ப்பாராம். ஆனால் முதல் முறை கான்வாய் போனபோது அந்த உஸ்தாத் கடைசி லாரியில் இருந்தார், யார் மாட்டினாலும் அவர் வந்து எடுத்துவிடுவார் என்று தெரியும். "அந்தாளு பின்னால கீறாருன்னு தெரிஞ்சா பயம் போய்டும்" என்றார் மாமா. தலைமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர்ப் பையன்கள் இப்போதும் விடியற்காலை பேரணாம்பட்டு ரோட்டில் 1600 மீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2022இல் அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு பயிற்சியும் சேர்த்து நான்கு வருடம்தான், அதன்பின் நான்கில் ஒருவருக்குத்தான் தொடர இடம். மணலைக் காலால் மிதித்தே சொல்லிவிடும் பக்குவம் நான்கு வருடத்தில் வருமா என்று எனக்குக் கவலை இருக்கிறது. மாமா இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. தனக்கு ராஜஸ்தான் மணல் பிடிபட ரெண்டு கோடைக்காலம் ஆனது, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வர ஆறு வருடம் ஆனது என்று மட்டும் சொன்னார். ட்ரோன் ஓட்டுவதற்கும் இதே கணக்குதான் என்று நினைக்கிறேன். காற்றடித்தால், சிக்னல் போனால், திரையில் தெரிவது ஆட்டு மந்தையா ஆள் கூட்டமா என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டி வந்தால், அங்கேயும் ஒரு பழகின கண் வேண்டும்.

ஓடுகிற பையன்களில் நான்கு பேர் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு வருகிறார்கள். மாமா தன் பழைய ஜீப்பை மணலில் இறக்கி, வேண்டுமென்றே மாட்ட வைத்து, எடுக்கச் சொல்கிறார். போன வாரம் ஒருவனுக்குக் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு ஸ்டெப்னி மாட்டச் சொன்னார். அவன் கழற்றிய நட்டை மணலில் வைத்துவிட்டான், அப்புறம் தேடிக்கொண்டே இருந்தான். "கழட்டுனத மணல்ல வைக்காத, சட்ட பாக்கெட்ல போடு" என்றார் மாமா. ஐந்து நட்டில் நான்குதான் கிடைத்தது. வெயில் ஏறும்வரை எல்லோருமாக உட்கார்ந்து அந்த ஒன்றுக்காக மணலைச் சலித்துக்கொண்டிருந்தோம்.